உமிச் சாம்பலும் ஒரு நல்ல மனிதரும்

சூடான சாம்பாரை வெற்றிடத்துக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்கு ஆயுள் முழுக்கச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில், அப்போதுதான் இறக்கிய சாம்பாரைக் கிண்ணத்தோடு தூக்கி, இணையத்தில் வாங்கிய காற்றுறிஞ்சும் இயந்திரத்துக்குள் வைத்து, கண்ணாடி மூடியை அழுத்திப் பொத்தானைத் தட்டினேன். சுபாங் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் மகளுக்கு, வாரம் முழுக்கக் கெடாமல் பொட்டலம் போட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணம்.

காற்றின் அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இது பள்ளிப் பாடம். சாம்பார் பள்ளிக்குப் போகாமலே அதைச் செய்து காட்டியது. மூடிக்குள் நுரை எழும்பியது. ஒரு முருங்கைக்காய்த் துண்டு மேலே வந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு மூழ்கியது. காற்றோடு சேர்த்துச் சாம்பாரையும் உறிஞ்சிய இயந்திரம், அதைப் பின்பக்கக் குழாய் வழியாகக் குளிர்சாதனப் பெட்டியின் மேலும், அதில் ஒட்டியிருந்த கோயில் நாட்காட்டியின் மேலும் துப்பிவிட்டு உயிரை விட்டது.

என் மனைவி புஷ்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இரும்பையே பொங்காம பாத்துக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. பருப்பு உங்க பேச்ச கேக்கலியா?"

மகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அது என் பழைய ஆலையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தர்ஷினி அழைத்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பொறியாளர் அவள்தான்.

"அங்கிள், கசடு பொங்கிடுச்சாமே" என்று ஆரம்பித்து, சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "மிஸ்டர் தேவா ரிட்டயர் ஆகுறாரு. ஹோட்டல்ல பெரிய டின்னர். சிறப்பு மலர் ஒண்ணு போடுறோம். உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன். அவர்கிட்ட நீங்க கத்துக்கிட்டது என்னன்னு எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஸ்வீட்டா இருக்கட்டும் லா."

"ஒரு பக்கம் பத்தாதும்மா."

"புகழறதுக்கு ஒரு பக்கம் பத்தாதா?"

"நான் புகழறேன்னு சொல்லலியே."

அவள் சிரிக்கவில்லை. நானும்தான். இந்தக் கட்டுரை அந்த மலரில் வராது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் மிஸ்டர் தேவாவிடம்தான் கற்றேன்.

தொழிலைக் கற்ற கதை சுருக்கமானது. பாலிடெக்னிக்கில் படித்தேன். வேலையில் சேர்ந்ததும் சில மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விஷயம் கற்றேன்: வணங்கும்போது எவ்வளவு குனிய வேண்டும், எஃகு பொங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும். முதலாவது கிள்ளானில் பயன்படவில்லை.

எங்கள் ஆலை கிள்ளானிலிருந்து காப்பார் போகும் வழியில் இருக்கிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கி, கனரகச் சக்கரமும் அச்சும் அடிக்கும் பட்டறைகளுக்குத் தடித்த எஃகு உருளைகளாக வார்த்துக் கொடுப்போம். அதில் என் பங்கு என்ன என்று கேட்பவர்களிடம் 'உருகின இரும்பிலிருந்து வாயுவை எடுக்கிறது' என்று சொல்வேன். என் மாமனார் அதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணும்? டயர் கடையில ஆணி வச்சே எடுத்துடறானே" என்றார்.

உண்மை இதுதான். உருகிய எஃகுக்குப் பயங்கரமான தாகம். எங்கே ஈரம் இருந்தாலும் அதை உடைத்து, ஹைட்ரஜனை மட்டும் குடித்துக்கொள்ளும். கிள்ளானில் ஈரத்துக்கா பஞ்சம்? சட்டையை உலர்த்தினால் அது காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சுண்ணாம்பில் ஈரம், கலக்கும் உலோகத்தில் ஈரம், புதிதாகப் பூசிய செங்கல்லில் ஈரம். எல்லாவற்றையும் குடித்துவிட்டு எஃகு இறுகும்போதுதான் கஷ்டம். இறுகிய எஃகுக்குள் ஹைட்ரஜனுக்கு இடம் போதாது. அது உள்ளே அலைந்து திரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் ஒன்றுசேர்ந்து முட்டும். உருளை வெளியே பளபளவென்று இருக்கும். லோரியில் ஏறிப் போன பிறகு, சில நாள் கழித்து, உள்ளுக்குள் மயிரிழை விரிசல் விடும். அந்த உருளையில் செய்த சக்கரம் துறைமுகத்துக் கிரேனில் பாரத்தோடு ஓடும்போது உடைந்தால், கீழே நிற்பவனுக்கு ஹைட்ரஜன் என்றால் என்னவென்று விளக்க நேரமிருக்காது.

அதனால் வெற்றிடம்.

முதலில் லேடலைப் பார்க்க வேண்டும். லேடல் என்பது உள்ளே செங்கல் பூசிய மாபெரும் வாளி. அதில்தான் உருகிய எஃகு இருக்கும். எஃகுக்கும் விளிம்புக்கும் நடுவே போதிய இடைவெளி உண்டா, மேலே மிதக்கும் கசடு கனமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி குறைவு என்றால் சாம்பார் கதைதான். பிறகு கிரேன் லேடலைத் தரையில் தோண்டிய தொட்டிக்குள் இறக்கும். ஒருவர் குனிந்து, லேடலின் அடியில் ஆர்கன் குழாயை மாட்டுவார். ஆர்கன் எதனோடும் ஒட்டாத வாயு. அடியிலிருந்து குமிழ் குமிழாக ஏறி எஃகைக் கலக்கும். குமிழ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மூடி. மூடி உட்காரும் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் காற்று உள்ளே வரும். அதனால் வளையத்தைத் துணியால் துடைத்தால் போதாது. விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். என் ஆள்காட்டி விரலில் இன்றும் ரேகை சரியாகத் தெரியாது. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனால் அதிகாரி என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறார்.

பிறகு நீராவி. குழாய்களில் நீராவியைப் பீய்ச்சினால் அது தொட்டியின் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு குழாயாகத்தான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் கசடு நுரைத்து லேடலைத் தாண்டி வழியும். திரையில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, எழும்பினால் ஆர்கனைக் குறைத்து, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அமர்த்தி, மறுபடி இழுக்க வேண்டும். அழுத்தம் அடிமட்டத்துக்கு வந்ததும் காத்திருக்க வேண்டும். வேலையே அதுதான். ஹைட்ரஜன் ஆர்கன் குமிழுக்குள் நுழைந்து, அதோடு மேலே வந்து, கிளம்பிப் போய்விடும். நைட்ரஜனும் கொஞ்சம் கூடவே போகும். இரண்டையும் அவசரப்படுத்த முடியாது. நாம் சும்மா நிற்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மேலாளர்களுக்குச் சும்மா நிற்பவனைப் பிடிக்காது.

கடைசியில் மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டு ஹைட்ரஜனை அளந்துவிட்டு, எஃகின் மேல் உமிச் சாம்பல் மூட்டைகளை அப்படியே வீசுவோம். சூடு ஆறாமல் இருக்கப் போர்வை. சேகிஞ்சான் பக்கத்து நெல் ஆலைகளின் உமியை எரித்த சாம்பல். காகித மூட்டையில் வரும்.

இத்தனைக்கும் நடுவில் எங்களுக்கு ஒரே மொழிதான் உண்டு: கட்டளை. இறக்கு. நிறுத்து. மூடு. வீசு. இரைச்சலில் அதற்கு மேல் சொல் தேறாது. நான் நல்ல குரல்வளம் உள்ளவன். நான் கத்தினால் எடைமேடையில் நிற்கும் லோரிக்காரர் பிரேக் போடுவார் என்று சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமைதான். கட்டளைக்கு ஒரு கண்ணியம் உண்டு. சொன்னவன் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். தப்பாகப் போனால் பிடிப்பதற்கு ஒரு கழுத்து இருக்கும். என் கழுத்தைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் அது கொஞ்சம் நீளம்.

பிரேம் நேபாளத்திலிருந்து வந்தவன். ஆர்கன் குழாய் மாட்டுவதும் சாம்பல் மூட்டை வீசுவதும் அவன் வேலை. எங்கள் பகுதியில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால், மலாயோடு சேர்த்துத் தமிழையும் பொறுக்கிக்கொண்டான். அவன் வந்த புதிதில் ஒருநாள் லேடலிலிருந்து எஃகு தெறித்தது. நான் "ஓடு" என்று கத்தினேன். எல்லாரும் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பிரேம் ஓடினான்; ஓடிக்கொண்டே இருந்தான். வாசல் காவலாளி தடுத்து நிறுத்தியிருக்காவிட்டால் அடுத்த ஊரான மேரு வரை போயிருப்பான். மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தோம். "நீங்க நிக்க சொல்லல அண்ணே" என்றான். அந்த மாதிரி ஆள். சொன்னதைச் செய்வான், சொன்ன அளவுக்குச் செய்வான்.

இனி மிஸ்டர் தேவா.

தேவசகாயம் என்பது முழுப்பெயர். எங்கள் ஆலையின் மேலாளர். வெள்ளைச் சட்டை, கையை அளவாக இரண்டு மடிப்பு மடித்திருப்பார். மூன்றாவது மடிப்பு வேலை செய்கிறவனுக்கானது. பக்கத்தில் வந்து, தேவைக்குச் சற்று அதிகமான பக்கத்தில் வந்து, தோளில் கை வைப்பார். பெப்பர்மிண்ட் மணக்கும். துப்புரவுத் தொழிலாளி முதல் இயக்குநர் வரை எல்லாரும் அவருக்கு 'பிரதர்'. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நான் அறிந்தவரை ஒரு கட்டளைகூடப் போட்டதில்லை.

கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு அமைதியாக நிற்பார். அந்த அமைதி இருக்கிறதே, எங்கள் தொட்டியில்கூட அவ்வளவு ஆழமான வெற்றிடம் நான் கண்டதில்லை. அதில் நிற்கும் மனிதனுக்குள்ளிருந்து ஏதாவது ஒரு பதில் தானாகக் கிளம்பி வெளியே வரும். வந்த பதில் உங்களுடையது. அவர் கேட்டார், அவ்வளவுதான். காரியம் நல்லபடியாக முடிந்தால் 'நம்ம டீம்' என்பார். கெட்டுப்போனால் 'நீங்கதானே பிரதர் சொன்னீங்க' என்பார். அதையும் கேள்வியாகத்தான்.

ஒருமுறை என்னிடம் வந்தார். தொட்டி அடிமட்ட அழுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. வார்ப்புப் பகுதி எஃகுக்காகக் காத்திருந்தது.

"பிரதர், இப்படி நிக்கிற நேரம் இருக்கே, இது அவசியமா, இல்ல பழக்கமா?"

"அவசியம் பாஸ்."

"கொஞ்சம் குறைச்சா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

"சக்கரம் உடையும்."

"எல்லாச் சக்கரமுமா?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் கொடூரம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

"எது உடையும்னு சக்கரம் முன்கூட்டிச் சொல்லாது பாஸ். குறைக்கச் சொல்லி நீங்க ஆர்டர் போடுங்க. நான் குறைக்கிறேன்."

"அய்யோ, சும்மா கேட்டேன் பிரதர்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் புஷ்பாவிடம் இரண்டுமுறை சொல்லிக் காட்டினேன். ஆனால் அவர் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: கேள்வி கேட்பதற்கு நான் சரியான ஆள் இல்லை.

அதன் பிறகு 'ஃபைவ் எஸ்' வந்தது. பணியிடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஜப்பானிய முறை. நல்ல முறைதான், நான் ஜப்பானிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் ஆலையில் அது ஒரு கேடயமாகச் சுருங்கிவிட்டது. வெளியாட்கள் வந்து சுற்றிப் பார்த்து, கேடயம் கொடுப்பார்கள். அவர்கள் வருமுன் மிஸ்டர் தேவா எங்கள் பகுதியை ஒரு சுற்று சுற்றினார். லேடல்களைச் சூடாக்கும் பர்னருக்குப் பக்கத்தில் சாம்பல் மூட்டைகள் குவிந்து கிடந்தன. பார்க்க அசிங்கம்தான். குப்பை லோரி கவிழ்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த இடத்தில் எந்நேரமும் அனல். சாம்பல் அப்பளம் மாதிரி உலர்ந்திருக்கும்.

"இது இங்கதான் இருக்கணுமா பிரதர்?"

"இங்கதான் இருக்கணும் பாஸ். வெளிய போனா கிள்ளான் மழை."

அவர் தலையாட்டினார். என்னைத் தாண்டிப் பார்த்தார். பின்னால் பிரேம் நின்றிருந்தான். அவன் தோளில் கை வைத்தார். அதுவரை அந்த ஆலையில் அவன் தோளில் மூட்டையைத் தவிர வேறெதுவும் வைக்கப்பட்டதில்லை.

"பிரேம், அங்க வெளிய கொட்டகை இருக்கே. மூட்டைய அங்க அடுக்கி, கேன்வாஸ் போட்டு நல்லா மூடி வைக்கலாமா? போலே?"

போலே என்றால் மலாயில் 'முடியும்'. கேள்வியாகவும் அதுவே, பதிலாகவும் அதுவே. தன் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, முதலாளி அலமாரியில் வைத்திருக்கும் ஒருவனிடம் ஒரு மேலாளர் 'போலே?' என்று கேட்டால், அதற்கு இருக்கும் பதில் ஒன்றே ஒன்று.

"போலே போஸ்."

"பாத்தீங்களா பிரதர்? அவன் முடியும்னு சொல்றான்."

மூட்டைகள் கொட்டகைக்குப் போயின. மேலே துத்தநாகக் கூரை, பக்கங்கள் திறந்தவை. பிரேம் அவற்றைக் கோபுரம் மாதிரி அடுக்கி, நீலக் கேன்வாஸால் மூடி, நான்கு பக்கமும் கயிறு கட்டினான். ஒரு சொட்டு மழை உள்ளே போகவில்லை. நானே போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்கு எரிச்சல். தணிக்கைக்காரர்கள் அந்த நீலக் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள். கேடயம் கிடைத்தது. வரவேற்பறையில், பிளாஸ்டிக் ஆர்க்கிட் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

பிறகு ரவாங்கிலிருந்து உருளைகள் திரும்பி வந்தன.

அங்குள்ள பட்டறை எங்கள் எஃகில் துறைமுகக் கிரேன்களுக்குச் சக்கரம் அடிப்பவர்கள். அடிப்பதற்கு முன் ஒலியலையைச் செலுத்திச் சோதிப்பார்கள். நல்ல வேளையாகச் சோதித்தார்கள். உள்ளே முழுக்க மயிரிழை விரிசல். லோரி திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றபோது, ஆலை முழுக்க என் பகுதியை நோக்கித் திரும்பியது. ஹைட்ரஜன் என்றால் வெற்றிடம், வெற்றிடம் என்றால் நான். ஆனால் எங்கள் அளவு சுத்தமாக இருந்தது. அடிமட்ட அழுத்தம் கிடைத்திருந்தது, நின்ற நேரம் குறையவில்லை, திறந்ததும் எடுத்த ஹைட்ரஜன் அளவு எந்த ஆலைக்கும் பெருமை சேர்க்கும். ஆக, வெளியே போன ஹைட்ரஜன் அதன் பிறகு திரும்பி வந்திருக்கிறது. அதன் பிறகு எஃகைத் தொட்டது உமிச் சாம்பல் மட்டும்தான்.

நேராகக் கொட்டகைக்குப் போய் கேன்வாஸை விலக்கினேன். வியர்த்த அக்குள் மாதிரி ஒரு வெப்பம் முகத்தில் அடித்தது. மழையைத் தடுத்த கேன்வாஸ், காற்றின் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. பகல் வெயிலில் வெந்து, மாலை மழையில் குளிர்ந்து, காகித மூட்டைகள் அதைக் குடித்துக் குடித்துத் தொட்டால் மெத்தென்று இருந்தன.

விசாரணைக் கூட்டத்துக்குக் கேண்டீன் அக்காவிடமிருந்து ஒரு வாணலியும் கண்ணாடி மூடியும் மின்அடுப்பும் இரவல் வாங்கிப் போனேன். எல்லாரும் பார்க்க ஒரு கை சாம்பலை வாணலியில் போட்டு மூடி, சூடாக்கினேன். சற்று நேரத்தில் மூடியின் உட்பக்கம் மங்கியது. பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த சமையல் அது.

"அருமை பிரதர்" என்றார் மிஸ்டர் தேவா. மனதாரச் சொன்னார். "அப்போ கோளாறு வேக்குவம்ல இல்ல. உங்க டிபார்ட்மெண்ட் க்ளியர். ஈரச் சாம்பல போட்டதுதான் காரணம், இல்லையா?"

"ஆமா பாஸ். அதை வெளிய தூக்கி வச்சதுதான்—"

"வெளிய வைக்கிறப்போ மூடி வைக்கிற பொறுப்பு யாருதுன்னு நாம பேசினோமில்ல?"

"மூடித்தான் வச்சிருந்தான். கேன்வாஸ் மழையைத்தான் தடுக்கும். காத்துல இருக்கிற ஈரத்தை எப்படித் தடுக்கும்?"

"இதை அன்னைக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"நான் சொன்னேன். கிள்ளான் மழைன்னு சொன்னேன்."

"மழைன்னு சொன்னீங்க பிரதர்" என்றார் மிகுந்த கனிவோடு. "காத்துன்னு சொன்னீங்களா?"

நான் கொண்டுபோன சாட்சியை வைத்தே பிரேமுக்குத் தூக்குக் கயிறு திரிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் ஈரம் என்று நிரூபித்தது நான். ஈரச் சாம்பலை வீசியது பிரேம். நான் வாணலி இல்லாமல் போயிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

"மூட்டைய இடம் மாத்தினது நீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அவன் கிட்ட கேட்டு மாத்தினாலும் மாத்தினது நீங்க. அவன் இல்லன்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"இல்லன்னு சொல்லலியே பிரதர்."

பிரேமை உள்ளே அழைத்தார்கள். மிஸ்டர் தேவா எழுந்து அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார். பிரேம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மலாயில் நடந்த உரையாடல், எனக்கு இன்றும் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"பிரேம், களைப்பா இருக்கா?"

"கொஞ்சம் போஸ்."

"அம்மாவைப் பாத்து ரொம்ப நாளாச்சு, இல்லையா?"

"ஆமா போஸ்."

"பெர்மிட் முடியப்போகுது. ஊருக்குப் போய் கொஞ்சநாள் ஓய்வா இருந்துட்டு வரலாமே. போலே?"

"பிரேம்" என்று நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். "வாயை மூடு. போலேன்னு சொல்லாத."

அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். தேநீர் கொஞ்சம் தளும்பியது.

"போலே போஸ்" என்றான்.

ஊருக்குப் போகலாம் என்பது சரி. திரும்பி வர வேண்டுமானால் ஆலை புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆலை விண்ணப்பிக்கவில்லை. கூட்டத்தின் அறிக்கையில் 'தொழிலாளியின் விருப்பத்தின் பேரில்' என்று இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. மேலிடத்துக்குப் போனேன். மேலிடத்தில் இருந்தவர் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்து, "ஆனா குணா, அவனே ஒத்துக்கிட்டான்ல?" என்றார். எங்கே கற்றார் என்று கேட்கவில்லை. நான் ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. மாதக்கணக்கில் மிஸ்டர் தேவாவுக்கு வணக்கம் சொல்லாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

விமானம் ஏறுகிற நாளன்று பிரேமை நானே காரில் கூட்டிப்போனேன். வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்தி வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ஆட்டிறைச்சி, நண்டு, அப்பளம் என்று அவனுக்குப் பதிலாக நானே எல்லாம் சொன்னேன். அவன் சாப்பிட்டான். நான் மிஸ்டர் தேவாவைத் திட்டினேன். ரசம் வரும் வரை திட்டினேன், மோர் வந்த பிறகும் திட்டினேன். அவன் இலையை மடித்துவிட்டு, "போலாம் அண்ணே, பிளைட்டுக்கு நேரம் ஆச்சு" என்றான்.

அடுத்த வாரம் சாம்பல் மூட்டைகள் பர்னர் பக்கத்துக்கே திரும்பி வந்தன. யாரும் கட்டளை போட்டதாகத் தெரியவில்லை. மிஸ்டர் தேவா யாரிடமோ கேட்டிருக்கிறார். தரையில் மஞ்சள் கோடு போட்டு, மேலே ஒரு பலகை மாட்டினார்கள்: 'தொடர் மேம்பாடு: நம் அணியின் யோசனை.' அதன் கீழே எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தப் படத்தில் இல்லை. தொட்டியருகே நின்று யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

தர்ஷினி இப்போது கேட்டிருக்கிறாள், அவரிடம் என்ன கற்றீர்கள் என்று. இதைத்தான் கற்றேன். கரைந்திருக்கும் அழுக்கை எஃகிலிருந்து எடுக்க முடியும். அதற்கு நீராவியும் பொறுமையும் போதும். ஒரு மேலாளரின் பொறுப்பு எதில் கரைந்து, எந்தக் குமிழோடு, யார் முதுகில் ஏறி வெளியே போனது என்பதைக் கண்டுபிடிக்க எந்த நாட்டிலும் அளவுக்குச்சி செய்யவில்லை. அவர் டின்னரில் மாலை போட்டுக்கொண்டு நிற்பார். எல்லாரும் நல்ல மனிதர் என்பார்கள். குரலை உயர்த்தாதவர் என்பார்கள். உயர்த்தியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, பிரேமின் பெயரைப் போடுவதைப் பற்றி அவனிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடத் தோன்றியது. நேபாளத்தில், அவன் ஊரில் இப்போது சிறிய இரும்புக் கடை வைத்திருக்கிறான். வீடியோவில் வந்தான். தலைக்குப் பின்னால் கட்டுக்கம்பி சுருள் சுருளாகத் தொங்கியது. கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது.

"பிரேம், அந்த ஆள் செஞ்சதை எல்லாம் எழுதிட்டேன். உன் பேரும் வருது. போட்டுடறேன்."

"எந்த ஆள் அண்ணே?"

"தேவா."

"தேவா போஸா?" அவன் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்காரா? ரொம்ப நல்ல போஸ்."

"நல்ல போஸா? உன்னை ஊருக்கு அனுப்பினதே அவர்தான்டா."

"தெரியும் அண்ணே" என்றான். கடையில் யாரோ அழைக்க, அங்கே பார்த்து ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டுத் திரும்பினான். "ஆனா அவர் ஒருத்தர்தான் என்கிட்ட முடியுமான்னு கேப்பாரு. நீங்கல்லாம் கத்துவீங்க மட்டும்."